வாரத்திற்கு எத்தனை

கேள்வித்தாளில் பதினேழாம் பக்கம்.
செயற்கை இனிப்பூட்டி சேர்த்த பானம்
வாரத்திற்கு எத்தனை?
ஒருபோதும் இல்லை.
ஒன்றுக்கும் குறைவு.
ஒன்று முதல் ஆறு.
தினமும்.
நான்கு கட்டம், ஒரு பென்சில்.

மூன்றாவதில் கோடு கிழித்தேன்.
பொய்.

அப்போது இருபத்தெட்டு வாரம்.
வளைவில் திருப்பும்போதெல்லாம்
ஸ்டியரிங் தொப்புளில் இடிக்கும்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று,
மூக்குக்குள் மயிரும் விறைக்கிற வினிபெக் ஜனவரி.
போர்ட்டேஜ் அவென்யூ முடிகிற இடத்தில்
பேருந்தைத் திருப்பி நிறுத்தினால்
ஏழு நிமிடம் எனக்கே எனக்கு.
அந்த ஏழு நிமிடத்துக்கு ஒரு டப்பா.
வளையத்தை இழுத்தால் உஸ்ஸென்று
எனக்குப் பதிலாக யாரோ பெருமூச்சு விடுவார்கள்.

சர்க்கரையைக் குறை என்றார் டாக்டர்.
குறைத்தேனே.
கேக்கைக் குறைத்தேன், ஜாமைக் குறைத்தேன்,
காபியில் மேப்பிள் பாகு ஊற்றுவதையும் விட்டேன்.
டப்பாவில் பெரிதாக எழுதியிருந்தது
பூஜ்யம் என்று.
பூஜ்யத்தைக் குடித்தால் எது போய்ச் சேரும்,
எங்கே போய்ச் சேரும்?
நாக்கு நம்பியது. நானும்.

ஐனாருக்கு ஒரு வயதானபோது
வெர்னா ஒகேமாவ் வந்தாள்,
எடைபார்க்கும் கருவியைப் பெட்டியில் சுமந்து,
பூட்ஸின் பனியை வாசலிலேயே தட்டிவிட்டு.
அவன் தொடைமடிப்பில் விரல் வைத்து
தோலை மெல்லக் கிள்ளி அளந்தாள்.
அவன் சிரித்தான்.
வரைபடத்தில் அவன் புள்ளி
மற்றப் புள்ளிகளுக்கு மேலே
தனியாக உட்கார்ந்திருந்தது.
வெர்னா முகத்தில் ஒன்றும் இல்லை.
சம்பளம் வாங்கிப் பழகிய முகம்.

பிறகு ஒரு கடிதம்.
தினமும் குடித்த தாய்மாரின் குழந்தைகளுக்கு
எடை சற்றுக் கூடுதலாம்.
தொடர்பு இருக்கலாம்,
காரணம் என்று சொல்வதற்கில்லையாம்.
ஒன்றுவிட்ட உறவு மாதிரி:
கல்யாணத்துக்கு வரும், பந்தியில் உட்காரும்,
கடன் கேட்டால் யாரோ எவரோ.

கடிதத்தை மைக்ரோவேவின் மேல் வைத்தேன்.
மூன்று வாரம் அங்கேயே கிடந்தது.
குன்னர் அதன்மேல் டோனட் பெட்டியை வைத்தான்.
அவன் எத்தனை தின்றான் என்று
எந்தப் பக்கத்திலும் கேட்கவில்லை.
பின்னிரவுப் பேருந்தை
கர்ப்பிணிக்கு ஒதுக்கியது யார் என்றும்.

ஆயிரமாயிரம் பெண்களின் பென்சில்கோடுகளில்
என்னுடையதும் கரைந்திருக்கும்,
நிறமில்லாமல், எடையில்லாமல்,
அந்த இனிப்பைப் போலவே.

ஐந்து வயதில் மறுபடி வந்தாள்.
சமையலறையில் அவளுக்குத் தேநீர் ஊற்றும்போது
சொல்லிவிட்டேன்.
தினமும்தான், வெர்னா.
சில நாள் இரண்டு.

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.
"அந்தக் கோப்பு மூடியாயிற்று, மார்லிஸ்.
மூடின பிறகுதான் எல்லோரும் சொல்கிறார்கள்."
கொஞ்சம் கழித்து,
"நானும் குடித்தேன். இரண்டு பிள்ளைக்கும்."
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

கூடத்தில் கருவி தானே பீப் அடித்தது.
ஐனார் அதன்மேல் ஏறி
குதித்துக்கொண்டிருந்தான், காலுறை மட்டும் போட்டு.
இருபத்திரண்டு. நாற்பது. முப்பத்தேழு.
ஆடாமல் நில், கண்ணா, என்றாள் வெர்னா,
பேனாவைத் திறந்து.

"இங்கே பாருங்கள்,
நான் மேலே போகும்போது
இது பூஜ்யம் காட்டுகிறது!"

மறுபடி குதித்தான்.
பேனா தாளுக்கு மேலேயே நின்றது.